கோமதியின் முந்தானையில் இருந்த கருப்பட்டி

கோமதியின் ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. அவள் என் மனைவி. அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், ஆனாலும் ஒரு மாதத்தில் பாதியாகிப் போனாள். ஒரு பானைத் தண்ணீர் அவளுக்கு ஒரு பொழுதுக்குப் போதவில்லை. மசக்கையாக இருக்கும் என்று என் தாயார் சந்தோஷப்பட்டார். நானும் அதை நம்பி, தென்காசியில் இருந்த என் அரிசிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அசடாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய சிறுநீரை ஒரு நீல மருந்தில் கலந்து விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்தது. நீரிழிவு (உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் சிறுநீரில் வெளியே விடும் நோய்) என்றார். வசதியாக உட்கார்ந்து சாப்பிடும் வயதானவர்களுக்கு வருவதல்லவா அது என்று கேட்டேன். சின்ன வயதில் வருவது இன்னும் பொல்லாதது என்று சொல்லிவிட்டு, தினமும் காலையில் வந்து இன்சுலின் (இரத்தத்துச் சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

புறப்படும்போது நான் ஒன்று கேட்டேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள்.

"வீட்டுல சீக்கு இல்லாத நாங்களும் சீனிய விட்டுரலாமா சார்?"

"குறைச்சுக்கிட்டா தப்பில்லை. ஆனா நீங்க விடுறதுனால இவங்களுக்கு ஒண்ணும் குணமாகாது" என்றார்.

என் காது முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பண்டம் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். காசிக்குப் போக எனக்கு வழியில்லை. நமக்குத் தென்காசியே காசி என்று, விசுவநாதர் சந்நிதியில் நின்று இனிப்பை விட்டேன். நான் மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. கோமதி குணமாகும்வரை என் வீட்டு வாசலுக்குள் சீனியோ வெல்லமோ கருப்பட்டியோ நுழையாது என்று வீட்டுக்கே சேர்த்து நேர்ந்துகொண்டேன். யுத்த காலம், எங்கள் சீனி ரேஷன் கார்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் தாயார் வெறுங்காப்பி குடித்து முகம் சுளிப்பார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஊசி வேலை செய்தது. நான்கு மாதத்தில் ரவிக்கை தோளில் நின்றது. எல்லாம் என் நேர்த்திக்கடனால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியிருந்த சமயம், ஒரு நாள் அவள் முந்தானை முடிச்சில் ஒரு துண்டு கருப்பட்டியைப் பார்த்தேன்.

"ஏட்டி, இது என்னது?"

"நர்ஸம்மா வச்சுக்கிடச் சொன்னாவ. ஊசி போட்ட பொறவு கை நடுங்கி வேர்த்துச்சுன்னா உடனே வாயில போடணுமாம்."

"சீனி வியாதிக்குச் சீனியே மருந்தாக்கும்? ஆருட்ட கத கட்டுத?"

"சாமி சத்தியமாங்க. வேணும்னா நீங்களே வந்து கேளுங்க."

நான் கேட்கப் போகவில்லை. ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷ நடை. ஆசையை அடக்க முடியாமல் திருடித் தின்கிறாள் என்று முடிவு கட்டி, வாய்க்கு வந்தபடி வைதேன். கருப்பட்டியைச் சாக்கடையில் எறிந்தேன். அவள் அழவில்லை, முந்தானையை உதறிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஊசி போட்டதும், ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே குதிரைவண்டி வைத்து அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனேன். மூலிகைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது. வெறும் வயிற்றில் குளித்தால்தான் பலன் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இட்லிப் பொட்டலத்தை வண்டியிலேயே வைத்திருந்தேன்.

பெண்கள் பக்கம் அவளை அனுப்பிவிட்டு, நான் எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். அவள் ஈரச் சேலையோடு திரும்பி வந்தபோது உதடு வெளுத்துக் கை நடுங்கியது. அருவிக் குளிர் என்று நினைத்தேன். நனைந்த முகத்தில் வேர்வை தெரியுமா? சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாள். பேசிக்கொண்டே முந்தானை நுனியைத் தேடித் தேடித் தடவினாள்.

எண்ணெய் தேய்த்தவர் கையை எடுத்துவிட்டார். "அண்ணாச்சி, போன சீசன்ல ஒரு ஐயாவுக்கு இப்படித்தான் வந்துது. ஊசி போடுத ஆளு. சீனித் தண்ணி குடுத்தாவ, எந்திரிச்சிட்டாரு. காப்பிக் கடை இங்கனதான் இருக்கு, வாங்கியாரட்டா?"

"அவளுக்குச் சீனி ஆகாது" என்றேன்.

அவர் கேட்காமல் ஓடி, கருப்பட்டிக் காப்பி ஒரு தம்ளர் வாங்கிவந்தார். அந்த வாசனைக்குக் கோமதி கையை நீட்டினாள். "ஒரு வாயி" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான் தம்ளரைத் தட்டிவிட்டேன். வைராக்கியமான மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. சற்று நேரத்தில் அவள் பல் கிட்டிப்போய், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

தென்காசிக்கு வண்டி வந்து சேர்வதற்குள் அவளுக்கு நினைவு இல்லை. டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோதல்) என்றார். சர்க்கரை இல்லாமல் மூளை தாங்காது, அரை மணி முன்பு ஒரு வாய் கொடுத்திருந்தால் போதும் என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் கண் விழித்தாள். வலது கை வரவில்லை. மாதங்கள் கழித்துப் பேச்சு வந்தது, நான் யாரென்பது வரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவாள். தன் வலக்கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்து, இது ஆர் கை என்று கேட்பாள். வருஷங்கள் போகின்றன. அவளுக்கு இன்னும் அந்த ஆனி மாதம் முடியவில்லை.

சீக்கு இல்லாதவர்கள் சீனியைக் குறைக்கலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாகக் குறையுங்கள், உங்கள் தம்ளரில் குறையுங்கள் என்பேன். என் சிறுநீரையும் டாக்டர் சோதித்தார். நீலம் நீலமாகவே நின்றது.

இப்போதும் தினமும் ஊசி உண்டு. சில காலைகளில் அவளுக்குக் கை நடுங்கும், நெற்றி வேர்க்கும். நான் கருப்பட்டியைக் கரைத்துக் கரண்டியில் எடுத்துப் போவேன். அவள் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

"வேண்டாம். எங்க வீட்டுக்காரவுக பாத்தாவன்னா வைவாவ."

நேரம் போகப் போக ஆபத்து. கெஞ்சினாலும் திறக்க மாட்டாள்.

"வாசல்ல நிக்காவளான்னு பாத்துட்டு வாங்க" என்பாள்.

நான் எழுந்து வாசல்வரை போவேன். தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பேன். திரும்பி வந்து, அவர் போய்விட்டார் என்று சொல்வேன். அதற்குப் பிறகே வாயைத் திறப்பாள்.