பேதிக்குக் கொடுத்த சனிக்கிழமை

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவியிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். ஆமென்.

பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்தாள். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஊசிக்கு மேல் ஊசியாக மருந்து ஏற்றி, ஒரு வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்று மாலை வழக்கம்போல் கட்டில் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்தேன். முடிக்கும் இடத்தில் நான் வாயெடுப்பதற்குள் மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஆமென்."

கோணிய வாயிலிருந்து அத்தனை தெளிவாக. நான் கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்து அழுதேன். ஒன்று வந்துவிட்டது, மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்தினோம்.

"கஞ்சி போதுமா?"

"ஆமென்."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஆமென்."

"ரெண்டுக்கும் ஆமென்னா நான் என்னாத்த செய்றது?"

"ஆமென்!" கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வாள். அது திட்டு.

எங்கள் ஒரே மகளுக்குப் புக்கிட் பெருந்துங் ஊரில் ஃபேக்டரி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவாள். "முன்னல்லாம் எதக் கேட்டாலும் முடியாதும்பாங்க. இப்ப பாருங்கப்பா, அம்மா எல்லாத்துக்கும் சம்மதம்லா" என்று சிரிப்பாள். இவள் இடது கையால் துண்டை எடுத்து அவள்மேல் வீசுவாள். "ஆமென்!"

எனக்கு அந்தச் சொல்லில் வித்தியாசம் தெரியும். வலி என்றால் இழுத்து வரும். பசி என்றால் சட்டென்று வெட்டும். கோபத்தில் முன்பாதி மட்டும் ஓங்கும். ஜெபத்தின் ஆமென் ஒன்றுதான் முழுசாக இருக்கும். எஸ்டேட்டில் எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலை ஏற்றி முப்பத்தைந்து வருஷம் லோரி ஓட்டியவன் நான். எஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். இவளையும் அப்படிக் கேட்டுப் பழகிக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாலாம் மாதத்திலிருந்து ஆள் மங்கிக்கொண்டே வந்தாள். பகலெல்லாம் தூக்கம். விழித்தால் காரணமில்லாமல் கண்ணீர். வயிறு வேறு ஐந்து நாள், ஆறு நாள் என்று போகாமல் நின்றுவிடும். வயிறு போன நாளுக்குக் காலண்டரில் கோடு போட்டு வைப்பேன். கோடு இல்லாத நாள் நீள நீள அவள் ஆமென் தேய்ந்துகொண்டே வந்ததைக் கவனித்தேன். சில மாலைகளில் 'ஆ' என்பதோடு நின்றுபோகும். அதுவும் என்னை விட்டுப் போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

அந்த மாதம் கிளினிக்கில் பார்த்த டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு. என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகத் தமிழில் சொன்னாள்.

"அங்கள், மூளையில ரத்தம் போகாம செத்துப்போன இடத்த சுத்தம் பண்றதுக்கு உடம்போட எதிர்ப்புச் சக்தி அங்க ஓடும். நல்லதுக்குத்தான் ஓடும். ஆனா சில பேருக்கு வேல முடிஞ்சும் திரும்பாது. அங்கயே நின்னு நல்ல இடத்தையும் புண்ணாக்கிடும். அதே நேரத்துல உடம்புல மத்த இடத்துல காவல் கொறஞ்சிடும். ஆண்ட்டிக்கு மொதல்ல நெஞ்சுல சளி வந்திச்சே, அது அதனாலயும் இருக்கலாம்."

"இப்ப ஏன் டாக்டர் இப்படி மங்கிப் போறா?"

"பல காரணம் இருக்கும். வயித்தையும் பாக்கணும். குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கு. ஸ்ட்ரோக் வந்தா குடலும் கெட்டுப்போகும், அந்தக் கிருமிங்களும் மாறிப்போகும். அது மூளையில இருக்கிற புண்ண இன்னும் கிளப்பி விடுதுன்னு சொல்றாங்க."

"அதுக்கு மருந்து?"

"இன்னும் இல்ல அங்கள். ஆராய்ச்சியிலதான் இருக்கு."

அதற்குப் பிறகும் அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எல்லாக் கிருமியும் கெட்டதில்லை, சிலதுதான் குடலைக் காப்பாற்றுகிறது, காய்கறியை மசித்துக் கொடுங்கள், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதெல்லாம் காதில் விழுந்தது. மனதில் இறங்கியது ஒன்றுதான்: வயிற்றில் இருக்கிற கிருமி தலையைக் கெடுக்கிறது. மலம் இளக ஒரு சிரப் கொடுத்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இது எதைப் போக்கும் என்று நினைத்தேன்.

வயிற்றில் கெட்டது சேர்ந்தால் என்ன செய்வது என்று எஸ்டேட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி லீவு விட்டதும் லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பேதிக்குக் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய், மேலே சூடாகக் கோப்பி. மத்தியானம் ரசம் சோறு. மறுநாள் வயிறு ஒட்டிப்போய் உடம்பு காற்று மாதிரி இருக்கும். என் மனைவிக்கு அதில் என்னைவிட நம்பிக்கை. மகளை மடியில் அமுக்கி, மூக்கைப் பிடித்து ஊற்றியவள் அவள்தான்.

மகளிடம் ஃபோனில் வயிற்றுக் கிருமி விஷயத்தை மட்டும் சொன்னேன். என் யோசனையைச் சொல்லவில்லை. அவள் எதையோ படித்துவிட்டு, "நல்ல கிருமியும் இருக்காம்ப்பா, தயிர் கொடுக்கணுமாம்" என்று அந்த ஞாயிறு ஒரு டப்பா தயிர் வாங்கி வந்தாள். இவள் இரண்டு நாள் விரும்பிச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன். தண்ணீராக எதுவும் கொடுத்தால் புரையேறும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். அதனால் கோப்பியில் கலக்காமல், இரண்டு கரண்டி விளக்கெண்ணெயைக் கெட்டிக் கஞ்சியில் கலந்தேன். அவ்வளவு ஜாக்கிரதைக்காரன் நான். வாசம் தெரிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் உன் மருந்துதான் புள்ள. கண்ண மூடு, ஜெபிப்போம்."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, இத ஆசீர்வதியும். இவ வயித்துல இருக்கிற கெட்டதெல்லாம் போகட்டும். தல தெளியட்டும்."

"ஆமென்" என்றாள். வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.

ஒன்பது மணிக்குப் போனது. ஸ்தோத்திரம் சொன்னேன். பத்து மணிக்குள் மறுபடியும். சுத்தம் செய்யச் செய்ய எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் வெளியே போகிறது என்று. மத்தியானத்துக்குள் ஏழு பேம்பர்ஸ். பிறகு வெறும் தண்ணீராகப் போனது, நிற்கவில்லை. உதடு காய்ந்துவிட்டது. ரசத்தைக் கெட்டியாக்கிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். போன அளவுக்கு அப்படிக் கரண்டியால் ஊற்றி நிரப்ப முடியுமா? கை சில்லிட்டிருந்தது. பேதியானால் அப்படித்தான் இருக்கும், ரசம் சோறு சாப்பிட்டுத் தூங்கினால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அன்று மாலை ஜெபம் முடிந்தபோது ஆமென் வரவில்லை. அசதி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போவதற்காக வந்த மகள் அம்மாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை வாய் மறுபக்கம் இழுத்திருந்தது. "அப்பா, கார் கதவ தொறங்க" என்று மட்டும் சொன்னாள்.

உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, ரத்தம் கெட்டியாகி இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தானாகவும் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். "கஞ்சிதான் டாக்டர்" என்றேன். பொய் இல்லை. மகள் என்னை முந்திக்கொண்டு, "நான் தயிர் வாங்கிட்டு வந்தேன் டாக்டர். அது கெட்டுப்போயிருக்குமோ?" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இடது கையும் இல்லை. துண்டை வீச முடியாது. மூக்கு வழியாகப் போகிற குழாயில்தான் சாப்பாடு. கண் திறந்திருக்கிறது, என் பக்கம் வருவதில்லை. ஆமென் போய்விட்டது. தினமும் ஜெபிக்கிறேன். ஜெபிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. ஆனால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கெட்டதெல்லாம் போகட்டும் என்று கேட்டவன் நான்தானே.

மகள் தயிரை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவைத் துடைத்துவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து அதையே சொல்வாள். "தேதி பாத்துதான்ப்பா வாங்குனேன். கார்ல கொஞ்சம் வெயில்ல இருந்திச்சி. அதுதானோ?" ஐந்து வாரம் இதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆறாம் வாரம் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான், அரிசி கொட்டி வைக்கும் தொம்புக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசையில் அவள் முன்னால் வைத்தேன்.

அதைக் கையில் எடுத்தாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு கரண்டி."

"எப்ப?"

"அந்த சனிக்கெழம. காலையில."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். அது மூடித்தான் இருந்தது.

"அம்மா வேணாம்னு சொல்லலயா?"

"ஆமென்னு சொன்னா."

அவள் தலை நிமிர்ந்தது. "எந்த ஆமென்ப்பா?"

எனக்கு நினைவில் இல்லை. எத்தனை தடவை யோசித்தாலும் வரவில்லை. என் கண் கரண்டியில் இருந்தது, எண்ணெய் சிந்திவிடக் கூடாது என்று. ஜெபம் முடிந்த இடத்தில் வந்ததால் அது ஜெபத்தின் ஆமென் என்று எடுத்துக்கொண்டேன். முழுசாக வந்ததா, முன்பாதி ஓங்கியதா, கேட்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அதை நான் கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் எழுந்து அம்மாவிடம் போனாள். மாலை வரை என்னோடு பேசவில்லை. ஜெப நேரத்தில் மட்டும் வந்து கட்டிலின் மறுபக்கம் முழங்காலிட்டாள். நான் ஜெபித்தேன். முடிக்கும் இடம் வந்தது. அவள் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. கட்டிலில் கிடப்பவளின் வாயைப் பார்த்தபடி இரண்டு பேரும் முழங்காலிலேயே இருந்தோம்.