எலிக்குப் போட்ட ஊசியும் மூன்றாவது ஓலையும்

ஆனிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லாரி ஏறும், எண் தெரியும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள், லாரி இறங்கும். நிலக்கரித் தூசி ஜன்னல் கம்பியில் படிந்துகொண்டே இருக்கும். துடைப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இடைவெளி கிடைத்தால் செல்போனை எடுப்பாள். அதில் தேடுவது எலிகளைப் பற்றிய செய்தி.

டிரைவர்களுக்கு இது தெரியும்.

“என்னக்கா, எலி எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்க வண்டியை நேரா நிறுத்துங்க.”

எலிகள் எங்கோ வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்தன. ஆனியின் அம்மாவைக் கொன்ற நோயைத்தான் அந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு முதலில் வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு கால் தடுமாறியது, கை துள்ளியது. சில மாதங்களில் பேச்சும் போய், ஆளும் போய்விட்டாள். அம்மாவின் அக்காவும் அப்படித்தான் போனாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் தங்கையும் அப்படித்தான். “அது அந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு வாற சீக்கு” என்று தெருவே பேசியது. மதுரையில் நரம்பு மருத்துவர் ஜெயபிரியா அம்மாவின் ரத்தத்தைச் சோதித்து அதற்கு ஒரு பெயர் சொன்னார்: பிரியான் நோய். மூளையில் எல்லோருக்கும் இருக்கும் ஒரு புரதம் கோணலாக மடங்கி, பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கிக்கொண்டே போகும். பரம்பரையில் இறங்கும். மருந்து இல்லை.

பெண்களுக்கு மட்டுமே வருவது என்று ஆனி நம்பியதால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் “அலுப்பா இருக்கு” என்றாள். அது பொய்யுமில்லை. தம்பி ரெக்சனுக்கு அந்தக் கவலை இல்லை என்றுதான் நினைத்தாள். அவன் ஆண்பிள்ளை. வளைகுடாவில் இழுவைப் படகில் வேலை. அவனுக்கு அம்மாவின் தம்பி சிலுவை மாமாவின் மகள் ஸ்டெபியைப் பேசி முடித்ததும் அவள்தான். மாமாவும் ஆண். ஆணுக்கு வராத நோய் ஆண் வழியாக மகளுக்கு எப்படி இறங்கும்? கணக்குச் சரியாக இருந்தது.

மாமன் மகள் நெருங்கிய ரத்த உறவு என்பதால் சபைச் சட்டப்படி ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்று. கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலையும் வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம்; மூன்றாவது ஓலை பாக்கி.

அந்த வாரம்தான் ஆனி கல்யாணப் பத்திரிகையோடு மதுரைக்குப் போனாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்த டாக்டருக்கு நேரில் கொடுக்க வேண்டும் என்று.

ஜெயபிரியா பத்திரிகையை வாசித்தார். “பொண்ணு யாரு?”

“எங்க மாமா மகதான் டாக்டர். அம்மா கூடப் பொறந்த தம்பி.”

“மாமா நல்லா இருக்காரா?”

“இல்ல. மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திப் போன தோணி கவுந்துட்டு. போகும்போது அவியளுக்கு நாப்பது வயசு கூட ஆவல.”

“உங்க தாத்தா?”

“சங்கு குளிக்கப் போயி தண்ணிக்குள்ளயே போயிட்டாவ. அவியளுக்கும் சின்ன வயசுதான்.”

டாக்டர் பத்திரிகையை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “உங்க அம்மா குடும்பத்துல அம்பது வயசைப் பார்த்த ஆம்பளை யாராவது இருக்காங்களா?”

ஆனி யோசித்தாள். யாருமில்லை. நோய் ஆண்களை விட்டுவிட்டது என்றில்லை. நோய் வரும் வயது வரை கடல்தான் அவர்களை விட்டுவைக்கவில்லை. தாத்தாவிடம் இருந்துதான் அம்மாவுக்கு வந்தது. மாமாவுக்கும் வந்திருக்கலாம். ஸ்டெபிக்கும், ரெக்சனுக்கும்.

“அப்ப கல்யாணத்த நிறுத்தணுமா?”

“அதை நான் சொல்ல மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணணும். ஆனா தெரிஞ்சு முடிவு பண்ணட்டும்.”

“தெரிஞ்சு என்ன டாக்டர் செய்ய? நீங்கதான மருந்து இல்லன்னீங்க.”

ஜெயபிரியா எலிகளைப் பற்றிச் சொன்னார். ஆனி அதைக் கேட்டது அப்போதுதான் முதல் தடவை. அந்தப் புரதம் குறைவாகச் சுரக்கும்படி எலிகளின் மூளை நீரில் ஊசி போட்டிருக்கிறார்கள். நோய் தலைகாட்டும் முன் போட்ட எலிகள் மற்றவற்றைவிட வெகுகாலம் கூடுதலாக ஓடியாடி இருந்தன. முற்றிய பிறகு போட்டவற்றுக்குப் பெரிய பலன் இல்லை. மனிதர்களிடம் இப்போதுதான் சோதனை தொடங்கியிருக்கிறது. பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் ஆனி தம்பியைப் போனில் அழைத்துச் சொன்னாள். அவன் பக்கம் படகு இஞ்சின் சத்தம் கேட்டது.

“எலிக்கு நல்லாயிருச்சின்னா எலி கல்யாணம் முடிக்கட்டும். எனக்கு என்ன வாலா இருக்கு?” என்றான் ரெக்சன்.

“ஏலே, வெளயாடாத.”

“நான் வெளயாடல. எனக்குத் தெரிய வேண்டாம்க்கா. தெரிஞ்சிக்கிட்டு இந்தக் கடல்ல எப்படி வேல செய்ய?” வைத்துவிட்டான்.

சாமியாரிடம் போவதா, ஸ்டெபியின் அம்மா பேபி மாமியிடம் போவதா என்று தூத்துக்குடி வரும்வரை யோசித்தாள். சாமியாரிடம் சொன்னால் மாமிக்கும் ஸ்டெபிக்கும் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். மாமி வீட்டுக்குப் போனாள். சிலுவை மாமா போனபின் பேபி மாமி மீன் ஏலத்தில் நின்று வளர்த்த பெண் ஸ்டெபி. தாயும் மகளும் முன்னறையில் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம், எலிக் கதை உட்பட, ஆனி உட்காராமலே சொல்லி முடித்தாள்.

“ஏளா, ரெண்டு ஓல வாசிச்ச பொறவு வாறியா நீ?” மாமி எழுந்துவிட்டாள். “பொண்ணு கேட்டு வந்தது நீதான? இப்ப செத்த மனுசன் மேல சீக்கக் கட்டுத. அவரு கடல்ல போனாரு, தெரிஞ்சிக்கோ! பைத்தியம் புடிச்சிச் சாவல!”

“மாமா மேல நான் என்னத்தக் கட்ட மாமி? எங்க அம்மைக்கும் அவியளுக்கும் ஒரே அப்பன்தான.”

“வெளிய போளா.”

ஆனி வாசல் இறங்கினாள். சண்டை போடவும் தெம்பு இல்லை. ஸ்டெபி பின்னாலேயே வந்தாள்.

“மைனி, அந்த எலிக்கு எப்ப ஊசி போட்டாவ?”

“நோய் தெரியிறதுக்கு முன்ன.”

“அப்பம் முன்னயே தெரிஞ்சாத்தான ஊசி போட வரிசையில நிக்க முடியும்?” ஸ்டெபி செருப்பை மாட்டினாள். “வாங்க, சாமியாருட்ட நானே சொல்லுதேன். மூணாவது ஓல இப்ப வேண்டாம்னு.”

அந்த ஞாயிறு பூசையில் அறிவிப்பு நேரத்தில் வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் மட்டும் வாசிக்கப்பட்டது. தலைகள் ஆனியின் பக்கம் திரும்பின. பேபி மாமி திரும்பவில்லை.

ஆனியும் ஸ்டெபியும் சேர்ந்தே மதுரைக்குப் போய், டாக்டரிடம் நெடுநேரம் பேசிவிட்டு ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வர வாரங்கள் ஆயின. ஸ்டெபிக்கு இல்லை. ஆனிக்கு இருந்தது. தன் முடிவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள். லாரிகள் ஏறின, இறங்கின.

மகளுக்கு இல்லை என்றதும் பேபி மாமி பேச்சை மாற்றினாள். “எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. பொறவு எதுக்கு அந்த வீட்டுக்குக் குடுக்கணும்?” ஊரும் அது நியாயம் என்றது. ஸ்டெபி ரெக்சனுக்கு நேராகவே போன் செய்தாள்.

“அத்தான், நீங்க ரத்தம் குடுங்க. இருக்குன்னாலும் கட்டிக்கிடுதேன், இல்லன்னாலும் கட்டிக்கிடுதேன். பிள்ளை விசயத்த டாக்டருட்ட கேட்டுக்கிடலாம். குடுக்க மாட்டேன்னா மட்டும் எனக்கு வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒங்க கை துள்ளுதான்னு பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியாது.”

ரெக்சன் “வேல கெடக்கு” என்று போனை வைத்துவிட்டான். அவ்வளவுதான் என்று ஆனி நினைத்தாள். ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தவன், பையை இறக்கி வைத்துவிட்டு, “மதுர பஸ் எப்ப?” என்றான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். புயலில் கயிறு இழுக்கும் கை. ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஸ்டெபி வெளியே சீட்டு வாங்க நின்றிருந்தாள்.

“அக்கா, ஒனக்கு என்ன வந்துச்சி? சொல்லவே இல்லையே.”

“மொதல்ல நீ குடு.”

“சொல்லுக்கா.”

“பொறவு சொல்லுதேன்” என்றாள் ஆனி. “கைய மடக்காத, நீட்டு.”