பிரெக்கா வீட்டுப் பெயர்

ஐஸ்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் குடியேறிய கிம்லியில் ஜான்சன் என்று ஒருவரைத் தேடிப் போனால் தெருத்தெருவாய் அலைய வேண்டியதுதான். எந்த ஜான்சன் என்று கேட்பார்கள். கோணக்கால் ஜான்சனா, பன்றிக்கார ஜான்சனா, மூன்று கல்யாண ஜான்சனா? பிரெக்கா என்று கேட்டால் அந்த வம்பே இல்லை. ஏரிக்கரையில் பச்சைக் கதவு போட்ட வீடு, ஒரே வீடு. அந்த வீட்டின் கடைசி ஆள் லீனா. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் சிகுர்லீன்; அதைப் பாதிரியார் ஒருவர்தான் சொல்லுவார்.

நாற்பத்தொரு வருஷம் மீன் கொட்டகையில் நின்று மீன் அறுத்தவள் லீனா. ரப்பர் பூட்ஸும் ஈர ஏப்ரனுமாய்க் காலையில் நின்றால் சாயங்காலம் வரை கத்தி ஓயாது. முள் ஒட்டாமல் சதையை எடுப்பதில் அவளுக்கு நிகர் அந்தக் கரையிலேயே கிடையாது, யார் வேண்டுமானாலும் மறுத்துப் பேசட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவள் மீன்காரி இல்லை. கறுப்புக் கோட்டும் வெள்ளி ஊசியுமாய்க் கோயில் முதல் பெஞ்சில் உட்காருவாள். மீன் நாற்றம் விரலில் இருக்கும், பிரெக்கா என்ற பெயர் முதுகெலும்பில் இருக்கும்.

ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. யோனின் மகன் யோன்சன். அவன் பிள்ளைக்கு வேறு. கப்பலேறி இந்த ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான், குமாஸ்தா ஒருவன் பேனாவைத் தொட்டுக்கொண்டு, வீட்டுக்கு ஒரு பெயர் சொல், அதுவே பேரன் வரைக்கும் என்றான். பாதிப்பேர் அப்பன் பெயரைச் சொல்லி ஜான்சன் ஆனார்கள். சிலர் மட்டும் தாங்கள் விட்டு வந்த பண்ணையின் பெயரைச் சொன்னார்கள். அந்த ஊரில் பண்ணைப் பெயர் சொன்னால் நான் அங்கே இருந்தேன் என்று அர்த்தம். இந்த ஊரில் அது என்னுடையது என்று ஆகிவிட்டது.

லீனாவின் அப்பா பால்மி அதைத்தான் பிடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் அன்று ஆட்டுத்தொடை வெந்து மேஜைக்கு வந்ததும் பிரெக்கா பண்ணையின் கதை ஆரம்பமாகும். லீனா சிறுமியாய் இருந்தபோது அந்தப் பண்ணையில் நூற்றிருபது ஆடு. அவள் பள்ளிக்கூடம் விட்டபோது இருநூற்றைம்பது. கடைசியில் நானூறு ஆடும் வெள்ளிச் சேணமும் வந்துவிட்டன. தாத்தா ஆஸ்முண்டூருக்கு வலது கையில் மூன்று விரல் நுனி கிடையாது. பனிக்கட்டியில் மிதந்து வந்த வெள்ளைக் கரடியோடு மல்லுக்கட்டியதில் போனது என்பார் அப்பா. இந்த ஆட்டுக் கணக்கு தொடங்கியதும் தாத்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுவார். உறைந்து கிடக்கிற ஏரியில் படகுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

1931 குளிர்காலத்தில் ஸ்டியானி ஜான்சன் பெண் கேட்டு வந்தான். ஐஸுக்கு அடியில் வலை விடுகிறவன். நல்ல தோள், நல்ல சிரிப்பு, நடனத்துக்கு லீனாவைத் தவிர வேறு யாரையும் கூப்பிடாதவன். அவளுக்கும் அவன் மேல் ஆசைதான். இல்லை என்று சொன்னால் அது பொய். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு பால்மியின் எதிரே உட்கார்ந்தான்.

பால்மி காபியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ நல்ல பையன்தான். ஆனா இந்தக் கரையில ஒரு கல்லத் தூக்கிப் போட்டா ஒரு ஜான்சன் தலையிலதான் விழும். எங்க வீட்டுப் பொண்ணு உங்க கும்பல்ல எங்க போய் நிக்கும்?"

ஸ்டியானி சிரித்துக்கொண்டே, "கல்லு விழுந்தா ஒதுங்கிக்கிறேன் ஐயா. லீனா என்ன சொல்லுது?" என்றான்.

காபிப் பாத்திரத்தோடு நின்றிருந்த லீனாவுக்கு வயது இருபத்துநாலு. அப்பா சொன்னதோடு விட்டிருந்தால் பின்னால் அப்பா மேல் பழி போட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"பேர் இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன், ஸ்டியானி" என்றாள்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். காபிக்கு நன்றி என்று வழக்கம்போலச் சொன்னான். போய்விட்டான்.

அதற்கு அடுத்த மாதம் மீன் கொட்டகைக்கு ஸ்டியானியின் பாட்டி ஸ்டெய்னுன் வந்தாள். லீனா வசவுக்குத் தயாராய் நின்றாள். கிழவி அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் தாத்தா கை மாதிரியே இருக்கு. நல்ல கை அது" என்றாள். அவ்வளவுதான். ஒரு மீனை வாங்கிக்கொண்டு போனாள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று லீனா அன்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்டியானி பிறகு ஒலேனா என்கிற உக்ரைன் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து பிள்ளை பெற்றான். லீனாவைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுடைய பெயரும் அப்பாவுக்குப் பொருந்தவில்லை. பிறகு யாரும் வரவில்லை. அப்பா போனார், அம்மா போனாள். பச்சைக் கதவுக்குப் புதுப்புதுப் பெயிண்ட் அடித்தபடி லீனா பெயரைக் காவல் காத்தாள்.

1975-இல் குடியேறி நூறு வருஷம் ஆனதென்று ஊரில் ஒரு புத்தகம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். யார் எங்கிருந்து வந்தார், எத்தனை பிள்ளை, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வீடுவீடாய்ப் போய் வாங்கினவள் ஃபின்னா, தபால் ஆபீஸ்காரி.

"லீனாக்கா, உங்க பக்கம்தான் புத்தகத்துக்கே அழகு. பண்ணை வீட்டுப் படம் ஒண்ணு கிடைக்குமா பாருங்களேன்" என்றாள்.

லீனாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஐஸ்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் அந்தப் பண்ணை இருந்த ஊர்ப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினாள். ஆஸ்முண்டூரின் தகப்பன் யார், பாட்டன் யார், ஆடு எத்தனை என்று கேட்டிருந்தாள். மார்ச்சில் பதில் வந்தது. மரியாதைக்காரர், சுற்றி வளைத்துத்தான் எழுதியிருந்தார். விஷயம் ஒரு விரல்கடை அளவுதான்.

பிரெக்கா பண்ணையின் சொந்தக்காரர் பியார்னி. அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். எரிமலைச் சாம்பல் விழுந்து புல்லெல்லாம் கருகவே, 1876-இல் குடும்பத்தோடு கப்பலேறினார். மகள் பெயர் ஸ்டெய்னுன். ஆஸ்முண்டூர் அவருக்கு உறவில்லை. தகப்பன் பெயர் பதிவாகாத பிள்ளை. ஊர்ச் சோற்றில் வளர்கிற அநாதைகளை யார் குறைந்த காசுக்கு வைத்துக்கொள்கிறார்களோ அவர்களிடம் ஊரார் விடுவார்கள். அப்படி பிரெக்காவில் விடப்பட்டவன். ஆட்டுக் கொட்டகையில் படுத்தவன். பதினாறு வயதில், இனி இவனுக்குச் சோறு போட முடியாதென்று ஊரே டிக்கெட் எடுத்து அதே கப்பலில் ஏற்றிவிட்டது.

லீனா அதை மூன்று முறை படித்தாள். நானூறு ஆட்டோடு படுத்திருந்தாரே தவிர, நானூறு ஆட்டுக்கு உடையவர் அல்ல. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஸ்டெய்னுன் என்றால் ஸ்டியானியின் பாட்டி; அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அப்படியானால் பிரெக்காவின் வாரிசு யார்? பேர் இல்லாதவன் என்று அவள் அனுப்பிவைத்தாளே, அவன்தான்.

மறுநாள் உலர்ந்த பிளம் பழம் வைத்த அடுக்குக் கேக் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாள். ஒலேனா இறந்த பிறகு ஸ்டியானி அங்கேதான் இருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஐஸின் மேல் யார் எங்கே வலை விட்டிருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே குறை சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு காது கேட்காது.

கேக்கைப் பக்கவாட்டில் பார்த்து எண்ணினான். "ஆறு அடுக்குதான் இருக்கு. ஏழு வைக்கணும். ஜான்சனுக்கு இது போதும்னு விட்டுட்டியா?"

"வாய மூடிட்டு இதப் படி" என்று கடிதத்தை நீட்டினாள்.

இரண்டு வரி பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தான். "ஆஸ்முண்டூர் தாத்தா விஷயம்தானே? எட்டு வயசுலயே தெரியும் எனக்கு. பாட்டி சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"முதல் குளிர்காலத்துல அம்மை வந்துச்சு. பாட்டியோட அப்பா போனாரு, அம்மா போனாங்க, தம்பி போனான். மண்ணு இரும்பாட்டம் கிடந்துச்சு, குழி வெட்ட முடியல. நரி இழுத்துட்டுப் போகாம இருக்க மூணு பேரையும் கூரை மேல ஏத்தி வெச்சவர் உன் தாத்தா. காத்துல பனி சரியறப்பல்லாம் ஏறி ஏறி மூடிவிடுவாராம். கீழ பாட்டி காய்ச்சல்ல கிடந்தாங்க. விறகு, கஞ்சி எல்லாம் அவர்தான். வசந்தத்துல இறக்கிக் குழி வெட்டிப் புதைச்சதும் அவர்தான். விரல் போனது அதுலதான்."

"அப்பா கரடின்னாரே."

"உங்கப்பா ஆடு கூட நானூறுன்னாரு."

லீனாவுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்புறம் நிலம் பதியறதுக்கு குமாஸ்தா வந்தான். வீட்டுப் பேர் என்னன்னு கேட்டான். உன் தாத்தாவுக்கு அப்பன் பேரும் இல்ல, சொல்ல ஊரும் இல்ல, குனிஞ்சுட்டு நின்னாராம். பாட்டிதான் முந்திக்கிட்டு, பிரெக்கான்னு எழுதிக்கோங்கன்னாங்க. இனிமே இது உன்னோடது, யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்தாங்க. எங்கப்பன ஆறு மாசம் கூரை மேல காத்தவனுக்கு வேற என்னத்தக் கொடுப்பேன்னு கேப்பாங்க."

லீனா கேக் சுற்றியிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னேனே. அப்ப ஏன் நீ சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "வந்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல" என்றான் ஸ்டியானி. "நான் ஸ்டியானியா வந்து கேட்டேன். பண்ணைக்காரனா வரல."

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"ரெண்டு வருஷம் உன்மேல கோவமா இருந்தேன்" என்றான் பிறகு. "அப்புறம் ஒலேனா வந்தா. அவளுக்குக் கடைசி வரைக்கும் என் பேரு வாயில நுழையல, ஆனா ரொட்டி சுட்டா தெருவே வாசம் பிடிக்கும். நான் நல்லாத்தான் வாழ்ந்தேன், லீனா. உன் மனசு ஆறட்டும்னு வேற மாதிரி சொல்ல மாட்டேன்."

அவன் உருகி அழுதிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"புத்தகத்துல எழுதிடறேன்" என்றாள்.

"பாட்டி கொடுத்தத திருப்பிக் கொடுக்க உனக்கென்ன உரிமை?"

"திருப்பிக் கொடுக்கல. யார் கொடுத்தாங்கன்னு எழுதறேன்."

"நான் வேணாம்னா கேக்கவா போற? எழுது. கேக்குல ஒரு துண்டு வெட்டு."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். ஊர்ச் சோறு, ஆட்டுக் கொட்டகை, கூரை, விரல், குமாஸ்தா, ஸ்டெய்னுன் எல்லாம் எழுதினாள். கடைசியில் தன்னைப் பற்றி ஒரு வரி. ஃபின்னா நின்றபடியே படித்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இதப் போடணுமா? ஊர் வாய மூட முடியாதே."

"பேசட்டும். நூறு வருஷமா நாங்க பேசினோம், இனி அவங்க பேசட்டும்."

ஆகஸ்ட் திருவிழாவில் புத்தகம் வந்தது. ஊர் வாய் அவளுக்கு எதிராய்த் திறக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை. கோயில் வாசலில் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். எவ்வளவு பெரிய மனசு உனக்கு, எப்பேர்ப்பட்ட தாத்தா என்றார்கள். பிரெக்கா என்ற பெயர் முன்பைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டது. லீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பக்கத்தைப் பிரித்தாள். எல்லாம் இருந்தது, அந்தக் கடைசி வரியைத் தவிர. அது சொந்த விஷயம், குடும்ப வரலாறு ஆகாது என்று புத்தகக் குழுவில் எடுத்துவிட்டார்களாம். கேட்கப் போனபோது ஃபின்னா கையைப் பிசைந்தாள்.

அவள் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு நடந்தாள். கூடத்தில் நாலு பெண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஸ்டியானிக்குக் கண்ணும் மங்கிவிட்டது; நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் படித்துக் காட்டினாள். கூரை வந்த இடத்தில் அவன் தலையாட்டினான்.

"இதுக்கப்புறம் ஒரு வரி இருந்துச்சு. வெட்டிட்டாங்க" என்றாள்.

"என்ன வரி?"

அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கத்தான் சொன்னாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு, மார்ச் மாசம், இந்தப் பேரக் கொடுத்தவங்களோட பேரன, பேர் இல்லாதவன்னு சொல்லி, என் வாயாலயே திருப்பி அனுப்பினேன். அவன்மேல எனக்கு ஆசை இருந்துச்சு."

சீட்டாட்டம் நின்றது. ஒருத்தி கையில் எடுத்த சீட்டைப் போடாமலே வைத்திருந்தாள். ஸ்டியானி ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தான். கேட்கவில்லையோ என்று லீனா மறுபடியும் வாயைத் திறக்கப் போனாள்.

"மார்ச் இல்ல" என்றான் அவன். "பிப்ரவரி. எட்டாம் தேதி. ஞாயித்துக்கிழமை."

லீனா சீட்டாடுகிற பெண்களிடம் கணக்குப் பென்சிலை வாங்கினாள். பக்கத்தின் கீழே மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் அந்த வரியை எழுதத் தொடங்கினாள். தேதியைச் சரியாகப் போட்டாள்.