பவுனுக்கும் எனக்கும் வந்த படபடப்பு

ஆடு மேய்த்தால் கால் வலிக்கும். ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்றால் எங்கே வலிக்கும் என்பது, அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த காலத்தில் எனக்கு அந்த வேலை வாய்த்தது. எங்கள் துரையின் அக்கா ஒரு டாக்டரம்மா. பழைய குதிரை லாயத்துக்கு வெள்ளையடித்து, அதில் சில வெள்ளாடுகளை வைத்துக்கொண்டு அவற்றின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆண் உடம்பில் ஒரு சாறு ஊறுகிறதாம், பெண் உடம்பில் வேறு சாறாம். திடுக்கிட்டால் நெஞ்சு எப்படி ஓடுகிறது, எப்படி அடங்குகிறது என்பதெல்லாம் அந்தச் சாறுகளின் வேலைதானா என்று பார்த்தார்.

ஆடு என் மேல் சாய்ந்தால்தான் அமைதியாக நிற்கும். அதன் கழுத்தில் கன்னத்தை வைத்து, வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் மேல் படரும். நான் எங்கே முடிகிறேன், ஆடு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிற என் அக்கா தங்கச்சிமார்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிஸ்கோத்து டப்பா

டாக்டரம்மா கண்ணைக் காட்டினால், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஆட்டின் பின்னால் நின்று பிஸ்கோத்து டப்பாவை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கோட்டுப் போட்ட மனிதருக்கு இது பெரிய மனக்குறை. ராசா என்ற கிடாவின் நெஞ்சு தடதடவென்று ஓடும். காயடித்த கிடா ஒன்று இருந்தது, அதற்கு நாங்கள் வைத்த பேர் சாமியார். அதன் நெஞ்சு ஓடுவது வேறு மாதிரி, நிதானத்துக்கு வருவதும் வேறு மாதிரி. பவுனு என்ற பெட்டையின் நெஞ்சோ, மழை விட்ட பிறகு காப்பி இலையில் சொட்டு நிற்பதுபோல மெல்ல மெல்ல அடங்கிவிடும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே தூக்கம் வரும்.

ஒரு நாள் சாமியார் துள்ளிய துள்ளலில் டப்பா மூடி பறந்துபோனது. அதைப் பொறுக்கிக்கொண்டே ரைட்டர் கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, சாமியாரே இப்படிப் பயந்தா, எங்களை மாதிரி சம்சாரிங்க கதி என்னங்க?"

உத்தரவு

முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நெஞ்சு மெதுவாகும் என்றார் டாக்டரம்மா. சுனைத் தண்ணீரில் துணியை நனைத்து ராசாவின் மூஞ்சியில் வைத்தார். உண்மைதான், அதன் விலாவுக்குள் துடிப்பு தளர்வது எனக்கே தெரிந்தது. துணியை எடுத்ததும் ராசா கொம்பிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது பாருங்கள், வாசலில் பழக்கூடையோடு நின்ற பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள்!

எங்கள் கோயில்களில் கிடா வெட்டுமுன் தண்ணீர் தெளிப்போம். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. தன் ஆராய்ச்சிக்குத்தான் குலவை என்று நினைத்து, எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டார். ரைட்டர் பணிவாகச் சொன்னார்: "உத்தரவு ஆயிப்போச்சுங்க, மசால் அரைக்கச் சொல்லட்டுங்களா?"

பவுனு மாறிப்போனாள்

பிறகு டாக்டரம்மா பவுனுவை மயக்கிப் படுக்கவைத்து, வயிற்றில் அந்தப் பெண் சாறு ஊறும் கருமுட்டைப் பைகளை எடுத்துவிட்டார். புண் ஆறியது, தழை தின்றாள். ஆனால் டப்பா தட்டினால் ஓடுகிற நெஞ்சு முன்போல அடங்கவில்லை. வெகுநேரம் என் கைக்குள் பறந்துகொண்டே இருந்தது.

அந்தப் பறப்பு எனக்குப் பழக்கமானது. மாதத் தூரம் நின்றுபோனதிலிருந்து என் நெஞ்சும் அப்படித்தான். கழுத்தில் சூடு ஏறும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு கூண்டை உடைத்துக்கொண்டு போகும். என் காலம் முடிந்தது என்றே நம்பினேன். மூத்ததுகளுக்குக் கவலையில்லை, எல்லாம் குடும்பமாகிவிட்டன. கடைக்குட்டி மகள் அடிவாரத்தில் புருஷன் வீட்டில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரக் காத்திருந்தாள். கூட்டி வந்த பிறகு நான் கண்ணை மூடிவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியை யார் பார்ப்பது? நாள் சரியில்லை, பனி அதிகம் என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தேன். சேர்வராயன் கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிடும்போது மட்டும், "அவ புள்ளையப் பாத்துட்டு வந்தர்றேன் சாமி" என்பேன்.

பவுனுவின் பிடரியில் என் கண்ணீர் விழுவதை ரைட்டர் பார்த்துவிட்டார். "ஏனுங்க மாரக்கா, கத்தி வச்சது ஆட்டுக்கு, நீங்க ஏன் அழுகறீங்க?"

இரண்டு நெஞ்சு

பைகளோடு போய்விட்ட சாற்றை ஊசியாகப் பவுனுக்குப் போட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. சில நாள் கழித்து டப்பா தட்டினார்கள். காதில் குழாயை மாட்டிக் கேட்டவருக்கு முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. குழாயை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். "ஒண்ணு அடங்குது. ஒண்ணு ஓடுது. பவுனுக்கு ரெண்டு நெஞ்சா?"

"சினையா இருக்குமுங்க," என்றார் ரைட்டர்.

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பவுனுவை அணைத்திருந்த என்னைப் பார்த்தார். குழாய் ஆட்டை விட்டு என் நெஞ்சுக்கு வந்தது. வெகுநேரம் கேட்டார். "எத்தனை நாளா?" என்றார். மகளைக் கூட்டி வராதது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"உன் நெஞ்சு நல்ல நெஞ்சு அம்மா. வயசாச்சு, உனக்கும் அந்தச் சாறு வத்துது. எனக்கும் வத்துச்சு. டப்பாகூட வேண்டாம், கதவு சாத்தினாலே ஓடும்," என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியை என் முகத்தில் வைத்தார். மலையின் குளிரெல்லாம் அந்தத் துணியில் இருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஒவ்வொரு அடியாக நடக்கத் தொடங்கி, மூடுபனிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குளிர் தாங்காமல் தலையை ஒரு உதறு உதறினேன்.

வாசலிலிருந்து ரைட்டர் கத்தினார்: "மாரக்கா உதறிட்டாங்க! உத்தரவு ஆயிப்போச்சு, போயிப் புள்ளைய ஊட்டுக்குக் கூட்டியாங்க!"

ஈரத்துணி

மறுநாளே அடிவாரம் போய் அவளைக் கூட்டி வந்தேன். இத்தனை நாள் தள்ளிப்போட்ட கோபத்தில் பஸ்ஸில் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்; கொண்டை ஊசி வளைவு வந்தபோதுதான் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி பூத்து, மலை முழுக்க வெள்ளையாய் மணந்துகொண்டிருந்த ஒரு விடியலில் அவளுக்கு வலி எடுத்தது. அவள் கத்தக் கத்த என் நெஞ்சும் ஓடத் தொடங்கியது. சேர்வராயனைக் கூப்பிட்டுக்கொண்டே ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

வலிக்கு நடுவே அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்: "ஏம்மா, புள்ளை பெக்கறது நானு, ஈரத்துணி உனக்கா?"

நெஞ்சு படபடத்தால் முதலில் சாமியைக் கும்பிடுங்கள், அப்புறம் முகத்தை நனையுங்கள், பக்கத்தில் ஆடு இருந்தால் ஓடுவது யாருடைய நெஞ்சு என்று பார்த்துக்கொள்ளுங்கள், செத்துப்போவதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.