மிஸியிடம் கேட்ட மன்னிப்பு

மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவில் நான் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம், "தயங்காமக் கேளுங்க" என்று வருடா வருடம் சொல்பவன். என் மனைவி பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் ஒரு பூத்தோட்டக்காரரின் மகள். வலிக்கு லேசில் கத்துகிறவள் இல்லை.

பிரசவத் தேதி தாண்டியும் அவளுக்கு இடுப்புவலி வராததால், மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் வலி வர மருந்து ஏற்றினார்கள். மதியத்துக்குமேல் வலி விடவேயில்லை.

"என்னங்க, ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வருது. டாக்டரக் கூப்பிடச் சொல்லுங்க."

நான் போய் நர்ஸை அழைத்து வந்தேன். மூன்று கட்டில்களுக்கு அந்த ஒரே மிஸிதான். மருந்து இறங்கும் வேகத்தைப் பார்க்காமலே, "முதல் பிள்ளைலா, அப்படித்தான் இருக்கும்," என்றார். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றில் கட்டிய பட்டை நழுவிக் கிடந்தது. அதை நானும் பார்த்தேன்.

மனைவி கத்தினாள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"சாரி மிஸி, இவங்க கொஞ்சம் பயந்தவங்க," என்றேன், சிரித்துக்கொண்டே. பிறகு அவள் பக்கம் குனிந்து, "அவங்களுக்குத் தெரியாதா? மானத்த வாங்காத," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் கத்தவில்லை. போர்வை நுனியைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தபோது மணி நாலு. பட்டையைச் சரியாகக் கட்டி மெஷினைப் பார்த்தவர், உடனே கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடச் சொன்னார். ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். மகள் வெகுநேரம் அழவில்லை.

இப்போது அவளுக்கு நாலு வயது. கழுத்து இன்னும் நிற்கவில்லை.

புகார் எழுதியது மனைவிதான். விசாரணையில் என்னையும் கேட்டார்கள்.

"வலி விடலைன்னு உங்க மனைவி சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"உங்க மனைவிகிட்டயா?"

"இல்ல. மிஸிகிட்ட."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும், கண்காணிப்பு போதவில்லை என்று ஒப்புக்கொண்டு ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பியது. அதில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை அவள் என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

கடிதத்தை வாங்கி மடித்தாள். கார் சாவியை என்னிடம் நீட்டினாள். "பாப்பாவுக்கு தெரபிக்கு நேரமாச்சு. காடிய எடுங்க," என்றாள்.