முழங்கால் உயரத்தில் ஒரு கல்தூம்பு

அணைக்கட்டு அருகே, இடிக்கப்பட்ட ஒரு நிலக்கிழாரின் பங்களா இருந்த இடத்தில் அகழாய்வு நடத்தினோம். முதற்கட்ட அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னுடையது. முன்கட்டில் பீங்கான் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. பின்புறம், கிணற்றடித் தொட்டியிலிருந்து மதிலைத் துளைத்துக்கொண்டு ஒரு கல்தூம்பு சென்றது. உள்ளே ஊற்றும் தண்ணீர் மதிலுக்கு வெளியே, முழங்கால் உயரத்தில் விழும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை போனபின் எங்களிடம் மண் அள்ள வந்த செல்வி, வெளியே நின்று அதன்கீழ்க் கையேந்திப் பார்த்தார்.

"இன்னா மேடம், எப்டி நின்னாலும் நிமிந்து குடிக்க முடியலயே!" என்று சிரித்தார். சிரிக்கத் தொடங்கிய நான் நிறுத்திக்கொண்டேன்.

நிலத்துக்கு உரியவரான அந்த வீட்டுப் பேரன் மாலையில் வந்தார்.

"எங்க தாத்தா ஊருக்கே தண்ணி குடுத்தார்னு எழுதுங்க மேடம். வேற எதுனா எழுதுனா, நாளைக்கே குழிய மூடிடுவேன்."

"குடுத்தார்னு எழுதறேன் சார். குனிஞ்சு வாங்குனாங்கன்னும் எழுதுவேன்."

மறுநாள் பொக்லைன் வந்து குழியை மூடியது. அறிக்கையில் பீங்கானுக்கு முன்பாகத் தூம்பை வைத்தேன்.

கண்டதை விருப்பு வெறுப்பின்றி விவரிப்பதே என் கடமை என்று அதுவரை எண்ணியிருந்தேன். இன்றும் அப்படியே எண்ணுகிறேன். தூம்பு முழங்கால் உயரத்தில் இருந்தது. அந்த வரியை நான் நீக்குவதாக இல்லை.