ஒடித்துக் கொடுத்த பலப்பம்

ஆலங்குடிக்குத் தெற்கே செம்பாறையில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். அங்கே புழுதிதான் ஊறும் என்று சிரித்தார்கள். அந்தக் கிணறு கோடையிலும் வற்றவில்லை. கள்ளியும் காரைமுள்ளும் மண்டிக் கிடந்த மேட்டைத் திருத்திக் கடலைக் கொல்லை ஆக்கியவன் நான். செக்குப் போட்டேன், பிறகு அதே இடத்தில் ரைஸ் மில் வைத்தேன். ஓட்டு வீடு கட்டினேன், அதன்மேல் மச்சு எடுத்தேன். கோயில் மண்டபத்துக்குக் கல் இறக்கிக் கொடுத்தேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தையே முழுதாக முடிக்காதவன் இவ்வளவும் செய்தான் என்று பிறர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்ததில்லை. நானே சொல்லிவிடுவேன்.

ஆனால் நான் செய்தவற்றில் பெரிய காரியம் கிணறும் இல்லை, மில்லும் இல்லை. என் மகனின் விரல்களில் பலப்பத்தை நிற்க வைத்தது. அதை மட்டும் யாரும் என் பெயரில் சேர்க்கவில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளை தளர்நடை நடந்துகொண்டிருந்தபோதே அவன் ஆத்தா காய்ச்சலில் போய்விட்டாள். நானும் அவனும் கொல்லையிலிருந்த கூரை வீட்டில் இருந்தோம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு கிடையாது. நான் பேசினால் மாடு காதை ஆட்டும், பிள்ளை ஏதோ மழலையில் சொல்லும். அவ்வளவுதான் பேச்சுத் துணை.

காரியத்துக்கு வந்திருந்தபோதே என் மனைவியின் அண்ணன் பிள்ளையைக் கேட்டார். அவருக்குப் பொன்னமராவதியில் ஜவுளிக்கடை.

"பிள்ளைய எங்கிட்ட விட்ருங்க மாப்ள. இங்கிட்டு யாரு இருக்கா பாத்துக்கிற?"

"நான் இருக்கேன்ல மச்சான்."

"நீங்க இருக்கீங்க. மம்பட்டி பிடிக்கக் கத்துக் குடுப்பீங்க. எழுத்து? ஒங்க கையெழுத்தப் பாத்தா கோழி கெளறுன மாதிரியில்ல இருக்கு."

கூடியிருந்தவர்கள் துக்க வீடு என்றும் பாராமல் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "மூணு வயசு ஆனதும் விசயதசமிக்கு அரிசியில எழுத வைக்க வாங்க. எம்புள்ள கையப் பாத்துட்டுப் பேசுங்க" என்றேன். அதுவே எங்களுக்குள் பேச்சாகிவிட்டது. கை திருந்தவில்லை என்றால் பிள்ளை அவரோடு போகவேண்டும்.

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கியபோது ஆலங்குடிச் சந்தையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்தேன். பலப்பத்தைக் கொடுத்ததும் பிள்ளை அதை உலக்கை பிடிப்பதுபோல் முஷ்டிக்குள் இறுக்கி, சிலேட்டைக் குத்தினான். "இப்படியில்ல ராசா, அப்பாவப் பாரு" என்று நான் பிடித்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தான். வாங்கினான். மறுபடியும் அதே முஷ்டி.

அப்போது கூலிக்கு விதைக்கடலை உரிக்க வந்திருந்த பெண்ணொருத்தி இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"புள்ளைய ஏன் கொறை சொல்றீக? அப்பன் எப்படிப் பிடிச்சாரோ அப்படியே பிடிக்கிது. எழுதுறீகளா, குழி தோண்டுறீகளா?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். சின்ன வயதில் எனக்கு எழுத்து வந்தது மணலில், விரலால். எழுதுகோல் கைக்கு வருமுன்னே கடப்பாரை வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடுவதும் கடப்பாரைப் பிடியில்தான்.

"அப்ப நீ பிடிச்சுக் காட்டு ஆத்தா."

"நல்லாருக்கே! கோலம் போடச் சொல்லுங்க, வாச நெறைய போடுறேன். அந்தக் குச்சிய நான் எங்கிட்டுக் கண்டேன்?"

பேசிய கூலி நாள் முடிந்ததும் அவளும் வரவில்லை. அவளுடைய கேலி நின்றதில் வீடு இன்னும் வெறிச்சென்று போனது.

மிச்சமிருந்த விதையை நானே உட்கார்ந்து உரித்தேன். பருப்பின் தோல் கிழிந்தால் முளைக்காது, அதனால் கையால்தான் உரிக்கவேண்டும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிய பருப்பைப் பொறுக்கிப் பாதியைக் கூடையிலும் பாதியை வாயிலும் போடுவான். ஒருநாள் சிலேட்டைக் குத்திய குத்தில் பலப்பம் பொடிப்பொடியாக உடைந்தது. ஒரே அழுகை. உடைந்ததில் கடலைப் பருப்பளவு துண்டு ஒன்று காலடியில் கிடந்தது. அழுதுகொண்டே அதை எடுத்தான். பருப்பை எப்படி எடுப்பானோ அப்படியே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க. முஷ்டிக்குள் அடக்க அதில் நீளமில்லை. சிலேட்டில் ஒரு கோடு இழுத்தான். இழுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

எந்த வாத்தியாருக்குத் தெரியும் இது? கடலை சொல்லிக் கொடுத்தது, நான் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து முழுப் பலப்பம் அவன் கைக்குப் போகவில்லை. ஒடித்து ஒடித்துத்தான் கொடுத்தேன். வாய் குறுகிய சுரைக்குடுக்கை ஒன்றை வைத்து, ஒவ்வொரு பருப்பாக அதற்குள் போடச் சொன்னேன். சுவரில் அவன் மூஞ்சி உயரத்துக்குக் கரித்துண்டால் கிறுக்கவிட்டேன். முதலில் தோளிலிருந்து எழுதினான், கை முழுவதும் கிணற்று ஏற்றமரம் மாதிரி ஏறி இறங்கும். சில நாளில் தோள் அடங்கி முழங்கை ஆடியது. பிறகு முழங்கையும் அடங்கி மணிக்கட்டு. கடைசியாக ஒரு மத்தியானம் கை அசையாமல் இருக்க, விரல்கள் மட்டும் அசைந்தன. சுவரில் பொரிவிளங்காய் உருண்டை அளவுக்கு ஒரு வட்டம், முனை சேர்ந்து நின்றது. "பாத்தியா, எம்புள்ளையப் பாத்தியா!" என்று கத்தினேன். கேட்க மாடுதான் இருந்தது.

விசயதசமி அன்று திருக்கோகர்ணம் கோயிலில் கூடினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எழுத வைக்கவேண்டும், அது எங்கள் வழக்கம். நான் தள்ளி நின்றேன். மச்சான் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பித்தளைத் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதினார். பிறகு புதுச் சிலேட்டும், மஞ்சள் தடவிய நீளப் பலப்பமும் கொடுத்தார். பிள்ளை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். எல்லோர் முன்னாலும் படக்கென்று ஒடித்தான்.

மச்சானின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா ஒடச்சுப்புட்டானே! என்னா தம்பி, இதுதான் நீங்க வளத்த லெச்சணமா?"

"செத்த பொறுங்கக்கா" என்றேன்.

பிள்ளை நீளத்துண்டை எறிந்துவிட்டு, சின்னத்துண்டை மூன்று விரலில் எடுத்துச் சிலேட்டில் வட்டமாகப் போட்டுக்கொண்டே போனான். கூட்டம் அசந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ, "தாய்மாமன் கைராசி! தொட்டதும் கை ஓடுது பாரு" என்றார். மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்கதான் ஜெயிச்சீக மாப்ள, ஒத்துக்கிறேன். இப்படிக் கை உள்ள பிள்ளையக் கொல்லைக்குள்ள வச்சு என்ன செய்யப் போறீக? எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்லயே பள்ளிக்கூடம் இருக்கு."

கை திருந்தியிருக்காவிட்டால் சண்டை போட்டாவது வைத்துக்கொண்டிருப்பேன். திருந்தியதனால் அனுப்பவேண்டியதாயிற்று. பிள்ளை மாமன் தோளில் ஏறிக்கொண்டு போனான். ஒரு கையில் சிலேட்டு, ஒரு கையில் அந்தச் சின்னத்துண்டு. நான் கொல்லைக்குத் திரும்பிக் கூடையை நகர்த்தியபோது, அடியில் சிதறிய பருப்பு பொறுக்காமல் கிடந்தது. பிறகு எத்தனையோ கட்டினேன். வேறு என்ன செய்ய?

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து முதல் லீவுக்கு அவன் வந்தபோது புதுப் பென்சில் வாங்கி வைத்திருந்தேன். அவனைப் பார்த்த சந்தோஷத்தில் டக்கென்று ஒடித்து நீட்டினேன்.

"ஏம்ப்பா ஒடச்சீங்க?" என்று கேட்டான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

இப்போது அவன் பெரிய உத்தியோகஸ்தன். அவன் படித்த பள்ளிக்கூடம் போட்ட ஆண்டு விழா மலரில் எழுதியிருக்கிறான். எழுத்துக்கூட்டி நானே படித்தேன். 'என் கையைப் பிடித்து எழுத வைத்தவர் என் தாய்மாமன்.' அரிசியில் பிடித்தார், மறுக்கவில்லை. அந்தக் கையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் யார்?

ராசா, கிணற்றுக்கு என் பெயர் வேண்டாம், மில்லுக்கு வேண்டாம். அடுத்த முறை எங்கே எழுதினாலும் மாமனுக்கு மேலே ஒரு வரி போடு. எனக்குப் பலப்பம் ஒடித்துக் கொடுத்தவர் என் அப்பா என்று. அதை நீயே, அந்த மூன்று விரலால் எழுதவேண்டும்.